எழுதாத இஷ்யூ நோட்டு

கெசியா தையல் டீச்சர். மணவூரிலிருந்து தினமும் ரயிலேறி, திருத்தணி மலையடிவாரத்து மிஷன் பள்ளிக்கு வருவார். தையலுக்குப் பாடவேளை குறைந்ததும், சும்மாதானே இருக்கிறார் என்று நூலகத்தையும் அவர் தலையில் கட்டினார்கள். நூலகம் என்றால் ஏழு பீரோ, ஒரு மேசை, ஆடாமல் நிற்கத் தெரியாத ஒரு பெஞ்சு.

வந்த புதிதில் எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. புத்தகம் எடுத்தால் இஷ்யூ நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம், அம்மையார்குப்பத்து நெசவாளர் மகள் கனிமொழி கொண்டுபோன புத்தகத்தில் சாயம் கொட்டிவிட்டது. தலைமையாசிரியர் டேவிட்சன் நோட்டைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, அவளைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார். அதோடு சரி. அப்புறம் ஒரு பிள்ளையும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கெசியா நோட்டை மூடி இழுப்பறையில் தள்ளினார்.

"எடுத்துகினு போங்க. பேரெல்லாம் வாணாம். படிச்சிட்டு வெச்சிடுங்க," என்றார்.

ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. அக்கா படித்து, தங்கை படித்து, அம்மாவும் படித்த பிறகு நிதானமாக வந்துசேர்ந்த புத்தகங்கள் உண்டு.

இந்த ஜூனில் ஸ்மார்ட் கிளாஸுக்கு அறை தேவைப்பட்டது. டேவிட்சன் கண்ணுக்கு வேறெந்த அறையும் தெரியவில்லை. இஷ்யூ நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, ஒம்பது வருஷமா ஒரு வரி இல்ல? பசங்க எல்லாம் போன்ல படிக்கிறாங்க, புக்கை யாரு தொடுறாங்க? திங்கக்கெழம காலி பண்ணி பழைய பேப்பருக்குப் போட்டுடலாம்."

பிள்ளைகளைக் காப்பாற்ற விட்ட வெற்றுப் பக்கங்களே நூலகத்துக்குக் குழி வெட்டியிருப்பது கெசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கிளார்க் விஜயன் நல்ல மனுஷன். பழைய தேதி போட்டு நாலு பக்கம் எழுதிவிடச் சொன்னார்.

"நெசமே எம்பக்கம் இருக்குது. பொய்யி எதுக்குங்க?" என்றார் கெசியா.

திங்கட்கிழமை பீரோக்களைத் திறந்தார்கள். பாதிக்கு மேல் காலி.

"புக்கெல்லாம் எங்க?" டேவிட்சனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பசங்க வூட்ல கீது சார்."

"யாரு யாரு? பேரைக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்." கெசியா குரலை உயர்த்தவில்லை. "யாரும் தொடலன்னு சொல்லித்தான ரூமைக் கேட்டீங்க? தொடலன்னா புக்கு எப்படிப் போச்சு? எம்மேல மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். பசங்க பேரு மட்டும் என் வாயில வராது."

மறுநாளே மெமோ வந்தது. இருப்பில் இல்லாத 341 நூல்களுக்கு விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலைநீக்கம்வரை நடவடிக்கை பாயும் என்றிருந்தது. விசாரணை முடியும்வரை பீரோக்களை யாரும் தொடக்கூடாது, அறையைக் காலி செய்யவும் கூடாது என்று விஜயன் விதியைப் படித்துக் காட்டினார். கெசியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 341 புத்தகம் வெளியே போயிருக்கிறது என்று ஆபீஸே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறதே. அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினார்.

'நூல்கள் தொலையவில்லை, படிக்கப்படுகின்றன. தங்கள் எண்ணிக்கையில் சிறு பிழை உள்ளது. இந்த மெமோ வருமுன்பே இன்று காலை மேலும் நான்கு பேர் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். 345 என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.'