கரண்ட் போன பிறகும்

வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு ஓயத் தொடங்கும்போது, உயரத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வரும் அந்த 'ஊ…' என்ற ஓசையைக் கேட்டால், இன்றும் என் வலது கை செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு மடிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில், ஒரு சிறிய பஞ்சாலையின் மதிலை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பஞ்சைச் சீவும் 'கார்டிங்' பகுதி; அங்கே நெஞ்சுயர இரும்பு உருளைகள், உடம்பெல்லாம் நுண்ணிய கம்பிப் பற்கள். மின்சாரம் போனால் தெருவில் மாவு மில், ரேடியோ, மின்விசிறி எல்லாம் சட்டென்று வாயடைத்துப் போகும், உருளைகள் மட்டும் தள்ள ஆளில்லாமல், இழுக்க ஆளில்லாமல், தம் கனத்தைக் கொண்டே சுற்றிக்கொண்டிருக்கும். வேகத்தில் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, சாம்பல் நிறத் தகடு ஒன்று அசையாமல் நிற்பதுபோலத் தெரியுமாம். பின்னாளில் பள்ளியில் 'நிலைமம்' என்று கரும்பலகையில் எழுதியபோது, எனக்கு அதில் கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அப்பாவின் தங்கை கனியத்தைக்கு அங்கேதான் வேலை. தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்குச் சேத்தூர். ஷிப்டுக்குக் கூப்பிட வரும் பெண்கள் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏட்டி கனி, தலையெல்லாம் பஞ்சோட போய் நின்னா, மாப்ளையோட ஆத்தா கெழவின்னு நெனச்சிரப் போறாவ!"

"நெனைக்கட்டும். வந்த அன்னைக்கே மரியாத கெடைக்கும்லா?" என்பாள் அத்தை.

இயந்திரங்களுக்கு அடியில் சேரும் கழிவுப் பஞ்சை மின்தடை நேரத்தில் அள்ளிவிடுவது அங்கே வழக்கம். ஓட்டத்தை நிறுத்தி அள்ளினால் உற்பத்தி போய்விடும். "கரண்ட் வாரதுக்குள்ள முடிங்கட்டி!" என்று மேஸ்திரி விரட்டுவது எங்கள் அடுப்படி வரை கேட்கும். உருளை ஓய்ந்து நிற்கும்வரை காத்திருப்பவர்கள் உண்டு. கரண்ட் போனதுமே நின்றதாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஓசை முழுதாக அடங்கும்வரை அம்மா எங்களோடு பேசமாட்டாள்.

கார்த்திகை மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. ஓசை இறங்கத் தொடங்கியது. பாதிகூட இறங்கியிருக்காது, மதிலுக்கு அப்பால் ஓர் அலறல்.

"மெயின ஆஃப் பண்ணுலே!"

"கரண்டே இல்லையேண்ணே! எத ஆஃப் பண்ண?"

அம்மா மதிலைப் பார்த்தபடி நின்றாள். அந்த ஓசை தடுமாறவில்லை, திணறவில்லை. ஒரு பெண்ணின் கை குறுக்கே வந்ததை அறியாமலே, எந்த நாளும் இறங்குவதுபோல அதே நிதானத்தில் இறங்கி, தனக்குத் தோன்றிய நேரத்தில் அடங்கியது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அத்தையின் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

இப்போது அந்த ஆலை இல்லை. உருளைகள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. மதிலும் எங்கள் வீடும் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். மின்சாரம் போன மறு நொடியில் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்கிறது, அப்படி வாயடைத்துப் போகும் தெருவை என் பிள்ளைகள் கேட்டதே இல்லை. ஆனால் சேத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தனியாக வந்து உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம், நிறுத்த ஆளில்லாமல் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவள் அப்பாவிடம் சொன்னாள்: "கை ஆறட்டும் தம்பி. பொறவு பேசிக்கிடுவோம். நாங்க எங்க ஓடியா போயிருதோம்?"

அப்பா நம்பிக்கையோடு தலையாட்டினார். உள்ளே படுத்திருந்த கனியத்தை எழுந்து வந்து, கட்டுப்போட்டிருந்த கையை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டினாள்.

"ஆறுததுக்கு அங்க கை இல்ல, அத்தே. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சி. பாத்துப் போங்க."