அடிச்சவன்தான் எடுக்கோணும்

கால்பந்துப் பயிற்சி கொடுக்கிற எவனுக்கும் சொந்தமாக ஒரு தத்துவம் வேண்டும் என்று கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபாக்டரி ஆபீஸில் பாதித் தூக்கத்தில் கேட்டதால் எனக்கு அது அருள்வாக்கு மாதிரி இறங்கியது. அதுவரை என்னிடம் ஒரு விசில் இருந்தது, ஒரு தொப்பை இருந்தது. தத்துவம் மட்டும் இல்லை.

எஸ்டேட் டீமுக்கு நான் கோச் ஆனதற்கு இருந்த ஒரே தகுதி, எனக்கு ஆட வராது என்பதுதான். ஆடத் தெரிந்தவர்கள் ஆடப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஆபீஸ் கிளார்க். பந்து வேண்டுமென்று மேனேஜரிடம் போய்ப் பல்லைக் காட்டுவது என் வேலையாக இருந்தது; அப்படியே விசிலும் கழுத்துக்கு வந்துவிட்டது. பையன்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பி நடக்கும்போது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுத முடியாது.

முதலில் எதிரியை மூச்சுவிடாமல் துரத்துவது என்ற தத்துவத்தை இறக்குமதி செய்தேன். எப்படித் துரத்துவது என்று நானே ஓடிக் காட்டினேன். மூச்சுவிட முடியாமல் போனது எனக்கு மட்டும்தான். என்னைத் தூக்கிக்கொண்டு போய் டிஸ்பென்சரியில் போட்டுவிட்டு அவர்கள் திரும்பி வந்து நிம்மதியாக ஆடினார்கள்.

என் சொந்தத் தத்துவத்தைக் கொடுத்தது எங்கள் மைதானம். மலையைச் செதுக்கி எடுத்த ஒரு தட்டு அது. மேட்டுப் பக்கக் கோல் வருஷத்தில் பாதி சேற்றில் நிற்கும். அதனால் பயிற்சியெல்லாம் பள்ளத்துப் பக்கம்தான். அந்தக் கோல்கம்பங்களுக்கு வலை கிடையாது. பின்னால் தரையும் கிடையாது. நேராகத் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே சோலைக்காடு, அதற்கும் கீழே ஓடை. கோல் விழுந்தால் பந்து ஓடைக்குப் போகும். ஒரு மழைக்காலத்தில் இருந்த பந்தெல்லாம் போனது. மேனேஜரிடம் போய் நின்றேன்.

"ஆபீஸ்ல பந்து இல்ல. கீழ காட்டுல நிறைய இருக்கு. போய்ப் பொறுக்கிக்கங்க" என்றார்.

அன்று சாயங்காலம் விசில் ஊதி அறிவித்தேன்: "இனிமேல் அடிச்சவன்தான் எடுக்கோணும்."

தெருவில் கோலி ஆடுகிற பிள்ளைகள் போடுகிற சட்டம்தான். நான் அதற்குத் தத்துவம் என்று பெயர் வைத்தேன்.

அடித்தவன் இறங்குவான். மற்றவர்கள் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். அட்டைக்கடியோடு, முழங்கால் சிராய்ந்து அவன் ஏறி வருவதற்குள் எங்களுக்கு நல்லபடியாகப் பொழுது போய்விடும். ஒருநாள் எங்கள் இடது பின்காப்பாளன் பந்தைத் தேடிப் போன இடத்தில் காட்டெருமை நின்றது. அவன் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக்கொண்டான். அது அடியிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

"அதுகிட்டயே பந்தைக் கேளுடா, குடுக்கும்" என்று மேலிருந்து கத்தினான் ஒருவன்.

"பால் கறந்துட்டு வாடா" என்றான் இன்னொருவன்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். இருட்டும் நேரத்தில் மரத்திலிருந்து இறங்கி மேலே வந்தவனின் கால்சட்டை நனைந்திருந்தது. மறுநாள் பயிற்சிக்கு யாரோ, சின்னக் குழந்தைகளை வெளிக்கு உட்காரவைக்கும் பிளாஸ்டிக் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவன் நிற்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் காலிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு பந்தும் எழும்பவில்லை. ஒழுக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் ஒன்பதாம் நம்பர்க்காரனுக்குத்தான் அதிகம் இறங்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அதிகமாகக் கோல் போட்டவன் அவன். ஃபாக்டரியில் பச்சை இலை மூட்டை தூக்குகிறவன், தற்காலிகம். அவன் அடித்தால் கம்பம் கொஞ்ச நேரம் ஆடி நிற்கும். இறங்கி இறங்கி, மழைக்காலம் முடிவதற்குள் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கோல்கீப்பரை ஏமாற்றிவிட்டு, கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நிற்கிற மாதிரி பந்தை உருட்டினான். பார்த்துப் பார்த்து மொத்த டீமும் உருட்டியது. "நாங்க பவரை நம்பறதில்லீங்க. எல்லாம் பிளேஸ்மென்ட்" என்று பக்கத்து எஸ்டேட் கோச்சுகளிடம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் மைதானத்தில் நாங்கள் தோற்றதே இல்லை. விருந்தாளிகளுக்கும் அதே சட்டம்தான். முதல் ஷாட் அடித்து அட்டையோடு ஏறி வந்தவனுக்கு இரண்டாவது ஷாட்டில் ஆசை இருக்காது.

ஒன்பதாம் நம்பரின் அப்பா சிறுவயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். தினமும் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பார்.

"என்னா மாஸ்டர், எம்மகன் காலுக்கு என்னா செஞ்சீங்க? மொதல்ல ஒதைச்சா போஸ்ட்டு ஆடும். இப்ப பந்தைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறான்."

"அது டெக்னிக்குங்க. உங்களுக்குப் புரியாதுங்க."

"புரியலதான். அங்கிட்டு கங்காணிமாரும் இதேதான் சொல்லுவாங்க."

அந்த வருஷம் ஊட்டியில் நடந்த போட்டிக்கு, கோயமுத்தூர் மில் டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் வருவதாக இருந்தது. ஒன்பதாம் நம்பரைப் பற்றி யாரோ சொல்லி, அவனைப் பார்க்கத்தான் வருகிறார். எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை, தங்க இடம், இலை மூட்டைக்கு ஒரு கும்பிடு. அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிடும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லாருக்கும் இது தெரியும். அப்பா அவனுக்குப் புது பூட்ஸ் வாங்கி, அது இளகட்டும் என்று அவரே இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

ஊட்டி மைதானம் தட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் வலை. எங்கள் பையன்கள் போய் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் பந்து காலுக்குக் கால் அழகாகப் போனது. கூட்டம் முதலில் கை தட்டியது. எங்கள்மேல் ஒரு கோல் விழுந்த பிறகும் நாங்கள் உருட்டிக்கொண்டே இருந்தபோது கைதட்டல் நின்று வாய் திறந்தது.

"ஏனுங்க மாஸ்டர், பந்துக்குள்ள முட்டை கிட்டை இருக்குதுங்களா?"

"அடிக்கச் சொல்லாதீங்க, அவங்க அடைகாக்கறாங்க."

கடைசி நிமிஷங்களில் ஒன்பதாம் நம்பர் இரண்டு பேரைத் தாண்டினான். கோல்கீப்பர் ஈரப் புல்லில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். எதிரே வெறும் கோல். "அடிடா" என்று கத்தினேன். கூட்டம் உட்கார்ந்திருந்த படிக்கட்டிலிருந்து அவன் அப்பாவும் கத்தினார். அவன் காலைப் பின்னால் இழுத்தான். பழைய கால்தான் அது, கம்பத்தை ஆட்டுகிற கால். அப்புறம் கோலுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்தான். அங்கே ஒரு டீக்கடையும் ஒரு வேனும்தான் இருந்தன. அவன் கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். காலுக்குத் தெரியவில்லை. உருட்டினான்.

கோல்கீப்பர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடி கையை நீட்டி, குழந்தையை வாங்குவது போல மடியில் வாங்கிக்கொண்டான். கூட்டத்தில் ஒருவன் ஆராரோ என்று இழுத்தான். உடனே மொத்தப் படிக்கட்டும் சேர்ந்து தாலாட்டியது. விசில் ஊதிய பிறகும் அது நிற்கவில்லை.

மில்லிலிருந்து வந்தவரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார். "பையன் பாஸ் நல்லாப் பண்றானுங்க. எங்களுக்கு கோல் அடிக்கற ஆள்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

 திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அந்த அப்பா என் பக்கம் குனிந்தார். "ஒங்க டெக்னிக்கு நல்லா வேலை செஞ்சிச்சு மாஸ்டர்."

அடுத்த பயிற்சிக்கு ஒருவனும் வரமாட்டான் என்று நினைத்துப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் பள்ளத்துப் பக்கக் கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து அடித்தான். அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பந்து தேயிலையைத் தாண்டி, சில்வர் ஓக்குகளைத் தாண்டி மூடுபனிக்குள் போனது.

"அடிச்சவன்தான்..." என்று என் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது.

"இல்லீங்க மாஸ்டர்" என்றான் மரியாதையாக. "சொல்லிக் குடுத்தவங்கதான் எடுக்கோணும்."

டீமைப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இடது பின்காப்பாளன் நடுவில், நல்ல இடமாகப் பார்த்து. நான் இறங்கினேன். பாதி தூரம் காலால், மீதி தூரம் பின்புறத்தால். பேன்ட் கிழிந்த சத்தம் மேல்வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஓடைக்கரையில் பந்தை எடுத்தபோது "மாஸ்டருங்க, பின்னால பாருங்க" என்று பின்காப்பாளன் கத்தினான். பந்தைப் போட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்தேன். பின்னால் ஒன்றும் இல்லை. மேலே அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஏறிவந்து பந்தைக் கையில் கொடுத்தேன். அவன் அதைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தான்.

இப்போது இதுதான் எங்கள் டீமின் தத்துவம். அவர்கள் அடிப்பார்கள், நான் எடுப்பேன். எல்லாருக்கும் பழைய கால் திரும்பி வந்துவிட்டது; வெளி மைதானங்களில் எங்களைக் கண்டால் கோல்கீப்பர்கள் கையுறையைச் சரிசெய்துகொள்கிறார்கள். ஒன்பதாம் நம்பருக்கு வயது தாண்டிவிட்டது. காலையில் இலை மூட்டை தூக்குகிறான், சாயங்காலம் வருகிறான். எங்கள் எல்லாரிலும் பலமாக அடிக்கிறவன் அவன்தான், பார்க்க ஒருவரும் வராத அந்த மைதானத்தில். என் தொப்பை குறைந்துவிட்டது. நான் புதருக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது, மேட்டிலிருந்து அவன் அப்பா பொறுமையாகக் குரல் கொடுப்பார்.

"இன்னுங் கொஞ்சம் கீழ போங்க மாஸ்டர். அவன் நல்லாத்தான் ஒதைச்சிருக்கான்."