எல்லாம் கிளியர்

கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவளுக்கு ஒரே கேள்விதான் பிழைப்பு: "கிளியரா இருக்கா?"

அரியர் கிளியர், தொண்டை கிளியர், வானம் கிளியர் என்று இந்தச் சொல்லுக்கு ஊரில் ஏகப்பட்ட வேலை. திருவொற்றியூரில் என் இருட்டறைக்குள் வந்தால் இன்னோர் அர்த்தமும் சேர்ந்துகொள்ளும்: 'போதும், என்னை விட்டுடு.' லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டதில் மண்டை காய்ந்து, ஏதோ ஒன்றைக் கிளியர் என்று சொல்லிவிட்டு ஓடிவந்த உங்களுக்குத் தெரியாததா?

பெஞ்சில் இருந்தவர்

முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் செல்வியக்கா வந்தார். எந்த லென்ஸ் போட்டாலும் "கிளியர்"தான். வியாபாரத்துக்கு நேரமாகிறதாம். ஒருவழியாகச் சரியான கண்ணாடியை மாட்டி வெளியே அழைத்து வந்தேன். பெஞ்சில் காத்திருந்த கணவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாய்யா, இம்மாம் நரச்சிக்கினு கீற? சொல்லவேயில்ல?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "உனுக்குத் தெர்லன்னுதாம்மே நிம்மதியா இருந்தேன்!"

மூச்சு விடாமல் வாசித்தவர்

ஏழுமலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவர். பார்வைச் சீட்டு கொண்டுவந்தால்தான் இனி கிரேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை மூச்சு விடாமல் வாசித்தார். எனக்குச் சந்தேகம். ரிமோட்டை அழுத்தி எழுத்துகளை மாற்றினேன். மனிதர் பழைய எழுத்துகளையே வாசித்துக்கொண்டிருந்தார்! முன்னால் போன மூன்று பேர் வாசித்ததை வெளியே உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறார்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றேன். காதில் வாங்கவில்லை.

"கிளியர்னு ஒரு வார்த்த எழுதிக் குடு மேடம். கிரேன்ல இருந்து எறக்கிட்டா, தரைல நின்னு எனக்கு இன்னா வேல தெரியும்?"

கூட வந்தவர்

நான் எழுதித் தரவில்லை. ஏழுமலை கோபமாகத்தான் போனார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அதுவரை வேறு ஆளை வைத்துச் சமாளித்த முதலாளி, சீட்டு வந்தால் கிரேன் உனக்குத்தான் என்றிருக்கிறார். இந்த முறை எழுத்துகளை மூன்று தடவை மாற்றினேன். நிதானமாக, ஒன்றுவிடாமல் வாசித்தார். சீட்டில் பெரிதாக 'கிளியர்' என்று எழுதினேன்.

கூட அவருடைய தோஸ்து காசிம் வந்திருந்தார். கிரேனுக்குக் கீழே நின்று, ஏற்று, இறக்கு என்று கை காட்டுகிறவர். பளீரென்று ஒரு ஆரஞ்சுச் சட்டை, காலர் நைந்து போயிருந்தது. எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொக்கிக்கு அடியில நிக்கிறது நீங்கதானே? இவருக்குக் கண்ணு தெரியலைன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன்.

காசிம் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "தெரியும் மேடம். அதான் இவன் கிரேன வுட்டு எறங்குற வரைக்கும், கண்ணுல படட்டும்னு எட்டு மாசம் இதையே தோச்சி தோச்சிப் போட்டுக்கினு நின்னேன். வேற எவனையும் அங்க நிக்க வுடல."

அதற்குமேல் பலகை எனக்கே கலங்கித் தெரிந்தது. யாராவது கேட்டிருந்தால் நானும் 'கிளியர்' என்றுதான் சொல்லியிருப்பேன்.