‘இடது’ என்ற சொல்லுக்கு ஆட்சேபம்

அமெரிக்காவில், ஏரிக்கரை ஊரான ஈரி நகரத்தில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வாண்டா குஷ்னியர். ஒரு குழந்தையைக்கூட வீடு மாற்றி இறக்கிவிட்டதில்லை. அவளுடைய வலது முழங்காலில் செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சையை, டாக்டர் விட்லாக் இடது முழங்காலில் செய்து முடித்தார். ஆஸ்பத்திரி அதற்கு ‘எதிர்பாராத விளைவு’ என்று பெயர் வைத்தது.

வாண்டா வழக்குப் போட்டாள். விசாரணைக்கு முன் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எழுத்தில் கேள்வி கேட்கலாம், சத்தியம் செய்து பதில் எழுத வேண்டும் என்றாள் அவளுடைய வக்கீல் ஜோஸ்லின் டக்கர். ஆஸ்பத்திரியிடமிருந்து அறுபத்தொரு கேள்விகள் வந்தன.

கணவன் ரோமன் சமையலறை மேஜை முன் உட்கார்ந்து படித்தான். “பத்து வருஷமா எந்தெந்த வீட்ல குடியிருந்தன்னு கேக்கறானுங்க.”

“நாப்பது வருஷமா இதே ஓட்டை வீடுதான்னு எழுது.”

“பொழுதுபோக்கு என்னவாம்?”

“ரெண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கிட்டு இவனுங்களுக்குப் பதில் எழுதறது. அதையும் எழுது.”

ஜோஸ்லின் அதை அடித்துவிட்டாள். ஆனால் நாற்பத்து நாலாவது கேள்வியைப் பார்த்தபோது வாண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘வலி எந்தக் காலில் என்பதை நோயாளி தெளிவாகத் தெரிவித்தாரா?’ காதுவரை சூடேறியது. பழியைக்கூடத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்! தெரிவித்த நாள், நேரம், கேட்ட நர்சின் பெயர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து, ஜோஸ்லின் கேட்ட முப்பது கேள்விகளுக்கு ஆஸ்பத்திரியின் பதில் வந்தது. இருபத்தாறுக்கு ஒரே பாட்டு: ஆட்சேபிக்கிறோம், கேள்வி தெளிவற்றது, வரம்பு மீறியது. இடது முழங்காலில் சிகிச்சை செய்தது ஏன் என்ற ஒன்பதாவது கேள்வியின் பதிலை வாண்டா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். ‘இடது என்ற சொல் எந்தப் பொருளில் பயன்படுத்தப்பட்டுள்ளது என்பது விளங்கவில்லை.’

“இதை எழுத எத்தனை வக்கீலுங்க?”

“நாலு பேர் கையெழுத்து இருக்கு,” என்றாள் ஜோஸ்லின்.

“நாலு பேருக்கும் இடது தெரியாதா? இவனுங்க கையில என் பஸ்ஸைக் குடுத்திருந்தா நேரா ஏரிக்குள்ள விட்டிருப்பானுங்க.”

பதில் சொல்ல வைக்கும்படி ஜோஸ்லின் நீதிபதியிடம் மனு போட்டாள். நீதிபதி ஒன்பதாவது பதிலை வாய்விட்டுப் படித்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, “உங்க இடது கையத் தூக்குங்க,” என்றார். அவர் தூக்கினார். “விளங்குதில்ல? இருபது நாள்ல பதில் வரணும்.”

வந்தது. சிகிச்சைக்கு முன் காலில் மையால் குறியிட்டது யார் என்ற கேள்விக்குப் பதில்: ‘யாரும் இல்லை.’

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள் வாண்டா. அப்படி இல்லை. இந்த இரண்டு சொல்லை மறைக்கத்தான் பதினாலு மாதம் தன்னை அலைக்கழித்தார்களா என்று அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி சமரசத்துக்கு வந்தது. நடந்ததை வெளியில் பேசக்கூடாது என்று ஒரு நிபந்தனை.

“வாய்க்குமா ஆபரேஷன் பண்ணப் பாக்கறானுங்க?” என்றாள் வாண்டா. “முடியாதுன்னு சொல்லு, ஜோஸ்லின்.”

பத்து நாள் முறைத்துவிட்டு, அந்த நிபந்தனையை அவர்களே எடுத்துவிட்டு நஷ்டஈட்டைக் கொடுத்தார்கள்.

வலது முழங்காலை வேறு ஊரில் சரிசெய்தாள். மறுபடி பேருந்து ஓட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கைத்தடியோடு பணிமனைக்குப் போய், டாக்டர் விட்லாக்கின் முழுப் பெயரையும் சொல்லி, புதிய ஓட்டுநர்களிடம் ஒன்பதாவது பதிலைப் படித்துக் காட்டுகிறாள்.