பெட்டிக்குள் தங்கிவிட்ட முகங்கள்

நான் செய்த முட்டாள்தனம் ஒரே ஒரு வரி. ஒரு வரியில் இவ்வளவு செய்ய எல்லோராலும் முடியாது.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, கொல்லிமலையில் கண் ஆபரேஷனுக்கு ஆள் பதியும் சின்ன அலுவலகம் ஒன்றுக்கு, புகைப்பட அட்டை அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரு புரோகிராமை மூடினால், திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு, அந்தப் புரோகிராம் நினைவகத்தில் வைத்திருந்த படங்களையெல்லாம் தானே வாரிக் கொட்டிவிடும். நானோ, 'நான் போனாலும் என் சாமானைத் தொடாதே' என்று அதற்கு ஒரு வரி எழுதி வைத்தேன். அடுத்த தடவை சீக்கிரம் திறக்கட்டுமே என்று. விட்டுப்போனதைத் தேடி எடுக்கும் வரிகளை மட்டும் எழுத மறந்துவிட்டேன். சேலத்தில் மூன்று படம் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது.

மலையில் தினமும் மதியம் கம்ப்யூட்டர் பெட்டி உறைந்துபோகிறது என்று என்னை வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் அடிவாரத்துக் காரவள்ளி மளிகைக்கடைக்காரரின் மகள். ஒவ்வொருவர் முடிந்ததும் புரோகிராமை மூடித் திறந்தாள். அதுதான் கோளாறு என்று அவளைக் கடிந்துகொண்டேன். முந்தினவர் முகம் திரையில் இருந்தால் அடுத்தவர் உட்கார மறுக்கிறார், என்ன செய்யட்டும் என்றாள் நிதானமாக.

அடுத்து வந்தவர் மலையில் திண்ணனூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த மிளகு விவசாயி. ஒரு கண்ணில் பால் படர்ந்தாற்போல் புரை. விடியலிலேயே நடக்கத் தொடங்கியவர். அட்டை இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் இரண்டு மணி பஸ்ஸில் இடமில்லை; அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"முன்னாடி இருந்தவரு போயிட்டாருங்களா?" என்று திரையைக் காட்டினார்.

"சுத்தமாப் போயிட்டாருங்க," என்றேன்.

உட்கார்ந்தார். கேமரா அவரைப் பிடித்ததும், 'இடம் போதவில்லை' என்று காட்டிவிட்டுப் பெட்டி உறைந்தது. மணி ஒன்று நாற்பது.

"அவுங்கெல்லாம் போயிட்டாங்கன்னா, எடம் ஏனுங்க சார் பத்தல?" என்றாள் அவள்.

எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரைக்குத் தாவி நினைவகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து வந்த அத்தனை முகங்களும், கேட்பாரற்று, உள்ளேயே உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் அமைப்பு தந்த எண்ணைப் புரோகிராமில் குறித்து வைத்திருந்தால் ஒவ்வொன்றாக நீக்கலாம். குறித்து வைக்கிறவன் அந்த வரியை எழுதியிருக்கமாட்டான்.

வரியை அழித்தேன். ஜன்னல் அமைப்பையே நிறுத்தி, மறுபடி எழுப்பினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், விவசாயியின் பெயர், ஊர் எல்லாம் முதலிலிருந்து கேட்டுத் தட்டினாள். அட்டை வெளியே வந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

அவரை ஏற்றிவிட்டு, மனது கேட்காமல் ஜன்னலோரம் போய், அவர் உட்கார்ந்தபோது பெட்டிக்குள் ஒரு கூட்டமே இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத்தான் கண்ணுல புரை, உங்களுக்கு என்னங்க?"