ஏழாம் நம்பர் மாஸ்டருக்கு ஈயம்

திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கும் ஒரு பாய்க்கு நான் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். அவருடைய ஆட்கள் மட்டும் போனில் பார்ப்பது. மாஸ்டர்கள், பிரியாணி வேகும் தேக்சாக்கள், வேன்கள் என்று மூன்று பட்டியல். ஆளோ பாத்திரமோ வண்டியோ, எதைப் பற்றியும் குறிப்பு எழுதிவைக்கலாம்.

ஒரே மாதிரிக் குறிப்பு பல வகைக்குச் சொந்தமாகிற இந்த உறவுக்கு, வெப்சைட் எழுத நான் எடுத்துக்கொண்ட ஃப்ரேம்வொர்க் என்ற தயார்ச் சட்டகத்திலேயே வழி உண்டு. வகை ஒரு கட்டத்திலும் எண் இன்னொரு கட்டத்திலும் இருந்தால் போதும். பாயோ 'மா7', 'தே7', 'வே7' என்று ஒட்டவைத்தே எழுதிப் பழகியவர்.

"பிரிச்சு எழுதலாமா பாய்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"என் மகனோட இனிஷியல ஒரு நாளும் பேர ஒரு நாளுமாவா கூப்புடுறேன்? கம்ப்யூட்டர்தானம்மா பெரிய படிப்பு படிச்சது. அதப் பழகச் சொல்லு."

அது பழகாது. எனவே நானே புதிதாக ஓர் உறவை எழுதி ஃப்ரேம்வொர்க்கில் சேர்த்தேன். மூன்று நாள் வேலை. ஒரு தேக்சாவின் பக்கத்தைத் திறந்தேன். அதன் குறிப்பு அழகாக வந்து நின்றது. உலகத்துக்கே ஏதோ செய்துவிட்ட நினைப்பில் பாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு பழனிக்கு பஸ் ஏறினேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டும்போது போன் வந்தது. பாயிடம் இருபது வருடமாகச் சமைக்கும் ஏழாம் நம்பர் மாஸ்டர்.

"ஏம்மா, எனக்கு அடி தேஞ்சு போச்சாம். ஈயம் பூசணுமாம். எங்கம்மா போயிப் பூசிக்கிறது?"

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"வீட்டுல காட்டுனேன். சரியாத்தான எழுதிருக்குங்கிறா."

மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொன்றின் தனிப்பக்கத்திலும் வகையையும் எண்ணையும் சேர்த்தே பொருத்தியிருந்தேன். பட்டியலுக்கோ எல்லாக் குறிப்புகளையும் மொத்தமாக அள்ளிவந்து பங்கிட வேண்டும். அங்கே எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொருத்தியிருந்தேன். ஏழு என்றால் ஏழு, ஆளாவது அண்டாவாவது! கடைசியாக எழுதிய ஏழாம் நம்பர் குறிப்பு தேக்சாவுடையது. அது மாஸ்டர் தலையில் விழுந்துவிட்டது.

பழனி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் திருத்திவிட்டேன். வீட்டுக்காரர் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது நானே மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"இப்பப் பாருங்க மாஸ்டர். உங்க குறிப்பே வரும்."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "நாலு தடவ போன் போட்டாத்தான் எந்திரிப்பார். எந்திரிச்சா கோவம்."

பட்டியலை மட்டுமே பார்க்கிற மனிதர். தன் பக்கத்தை அன்றுவரை திறந்ததே இல்லை. தேக்சாவின் குறிப்பைக் கேலியாகச் சொன்னவர் குரலில் இப்போது கேலி இல்லை.

"இத யாரும்மா எழுதுனது?"

எனக்குத் தெரியும். "அது தெரியாது மாஸ்டர், அதுக்குக் கட்டம் வைக்கல" என்றேன்.

"அப்பச் சட்டுன்னு ஒரு கட்டம் வையிங்க."

மலை ஏறத் தொடங்கியபோது பாயின் அழைப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மாஸ்டர் ஏதோ புதுசாக் கேக்குறாராம்லம்மா. அது ரொம்பக் கஷ்டமான வேலைன்னு சொல்லிரு."

"கஷ்டம்தான் பாய்" என்றேன். அரை மணி நேர வேலை அது.