டம்ளரில் இறங்கிய வெள்ளை நூல்

இருபத்திரண்டு வருஷமாக அழுகலோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். செடிக்கு வந்த நோய் எந்தக் கிருமியால் என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. முடிச்சுப் போட்டு வரும் பிளாஸ்டிக் பையை அவிழ்த்தாலே குடலைப் பிடுங்கும். விவசாயிகள் இருப்பதிலேயே செத்துப்போன செடியாகப் பார்த்துப் பிடுங்கி வருவார்கள். அதில் பிணம் தின்ன வந்த கிருமிகள்தான் கும்மாளம் போடும், கொன்றது கிடைக்காது. "பாதி உயிரோட இருக்கறதக் கொண்டாங்கய்யா" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் யார் கேட்டார்கள்? வீட்டுக்குப் போனால், அவள் குளித்து முடிக்கும்வரை கணவர் பக்கத்திலேயே வரமாட்டார்.

அன்று மத்தியானம் அக்காவின் கணவர் வந்தார். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். கையில் மூன்று தக்காளி நாற்றுகள். வேரைக் கழுவி, இலைக்குத் தண்ணீர் தெளித்து, போட்டோ பிடிக்கக் கூட்டிவந்த குழந்தைகள் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார்.

"நோய் இல்லைன்னு ஒரு சான்றிதழ் மட்டும் குடும்மா. நாப்பதாயிரம் நாத்து. வாங்குறவங்க கேக்குறாங்க."

அவள் எழுதிக் கொடுத்தால் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அது அத்தானுக்கும் தெரியும்.

நாற்றுகளில் நாற்றமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. போன மாதம்தான் அவர் பண்ணை வாய்க்காலோரம் வாடி நின்ற காட்டுக் கத்தரியைச் சோதித்து, வாடல் நோய் பாக்டீரியா என்று சொல்லியிருந்தாள். அந்தத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

ஒரு தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டாள். இரண்டே நிமிஷம். வெட்டு வாயிலிருந்து சளி மாதிரி ஒரு வெள்ளை நூல் இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா.

"வாய்க்கால் தண்ணிதான பாய்ச்சினீங்க அத்தான்?"

"கிணத்துல தண்ணி இல்லம்மா. வேற என்ன பண்றது?"

"எல்லாத்தையும் எரிச்சிடுங்க. ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. போன இடத்துல மண்ணே கெட்டுடும். வருஷக்கணக்கா அங்க தக்காளி வராது."

அவர் சிரித்தார். அவள் தடுப்பதற்குள் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"பாத்தியா, எனக்கு ஒண்ணும் ஆகல. இதுக்குப் போயி இந்தப் பயமுறுத்து பயமுறுத்துற."

மனுஷனுக்கு ஒன்றும் ஆகாதுதான். உதட்டோரம் இழை ஒன்று மினுங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷ அழுகலில் வராத அருவருப்பு அவளுக்கு அப்போது வந்தது. சொந்த அக்காவின் புருஷன் என்றும் பார்க்கவில்லை, ச்சீ என்று வாய்விட்டே சொன்னாள். படிவத்தை இழுத்து, வாடல் நோய் இருக்கிறது என்று எழுதினாள்.

"அக்காகிட்ட நானே பேசிக்கிறேன். நாத்து லாரி ஏறாம மட்டும் பாத்துக்குங்க."

"அது காலையிலயே போயிடுச்சும்மா" என்றார் அவர். "சான்றிதழ் பின்னாடியே வருதுன்னு சொன்னேன். என் மச்சினிதான் அங்க பாக்குறான்னதும் ஒருத்தரும் மறுபேச்சு பேசல."